ஜமைக்கா விடுதியில் ஒரு டீ

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பயணம், வரலாறு, என் சொந்தக் கதை மூன்றும் கலந்து வரும். வழக்கம்போல் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற ஜூன் மாதம் இங்கிலாந்தில் ரீடிங் நகரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்திக்கு நாலு நாள் விடுமுறை கிடைத்தது. மாப்பிள்ளை, "அத்தை, கார்ன்வால் போய் வரலாம். இந்த நாட்டோட கால் பெருவிரல் மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். காலையில் கிளம்பிவிட்டோம்.

எக்சிட்டர் நகரம் தாண்டியதும் ஏ-30 சாலை. லான்ஸ்டன் ஊர் வரைக்கும் வெயில். அதற்குப் பிறகு சாலை மேடேற மேடேற மூடுபனி. அந்த மேட்டுநிலத்துக்கு போட்மின் மூர் என்று பெயர். 'மூர்' என்பதற்குத் தமிழில் நேரான சொல் எனக்குத் தெரியவில்லை. மரம் அதிகம் இல்லாத மேட்டுத் தரிசு, கோரைப்புல், முட்புதர், நடுநடுவே கால் வைத்தால் இறங்கும் சதுப்பு, அங்கங்கே கருங்கல் பாறைக் குன்றுகள். ஜூன் மாதத்திலும் குளிர் எலும்பைத் தொட்டது.

பேத்தி பசிக்கிறது என்றாள். மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். "பக்கத்துல ஒரு பழைய பப் இருக்கு அத்தை. சாப்பாடும் கிடைக்கும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

"சாராயக்கடைக்கா என்னைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்றேன். அறுபத்தாறு வயது வரைக்கும் அப்படிப்பட்ட இடத்தின் வாசற்படியை மிதித்ததில்லை. எங்கள் ஊரில் அந்தக் கடை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவள் நான்.

மகள் சிரித்தாள். "அம்மா, பப்னா பப்ளிக் ஹவுஸ், பொது வீடு. குழந்தைகளோட வந்து சாப்பிடுவாங்க. நீ டீ குடி."

சரி என்று இறங்கினேன். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் குழம்பிவிட்டேன். ஜமைக்கா விடுதி. எட்டாம் வகுப்புக்கு எத்தனையோ வருஷம் உலக வரைபடம் மாட்டிக் காட்டியவள் நான். ஜமைக்கா அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? இந்தப் பனி மேட்டில் அதற்கு என்ன வேலை?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

கருங்கல் பாவிய முற்றம். சுவர்களில் மீன் செதில் அடுக்கியதுபோல் சிலேட்டுக் கல் பதித்திருக்கிறார்கள். நாம் எழுதிப் பழகிய அதே பலகைக் கல். 1750ல் கட்டிய விடுதி. குதிரை வண்டிகள் லான்ஸ்டனுக்கும் போட்மினுக்கும் நடுவில் இந்த மேட்டைக் கடக்கும்போது குதிரை மாற்றவும், பயணிகள் குளிர் காயவும், இரவு தங்கவும் ஏற்பட்ட இடம். 1778ல் லாயமும் வண்டிக் கொட்டகையும் சேர்த்துக் கட்டினார்கள். நம் பெருவழிகளில் சத்திரம் இருந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சத்திரத்தில் தர்மச் சோறு போட்டார்கள், இங்கே காசு வாங்கினார்கள், அதுதான் வித்தியாசம்.

உள்ளே தாழ்ந்த கூரை, கறுத்த மர உத்தரங்கள், எரியும் கணப்பு. பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் நாய் தூங்கியது. எனக்குப் பயம் போய்விட்டது.

டீ வந்தது. கூடவே ஸ்கோன் என்னும் பன் மாதிரியான பண்டம், ஜாம், கெட்டிப் பாலேடு. கார்ன்வாலில் முதலில் ஜாம் தடவி அதன்மேல் பாலேடு வைக்க வேண்டுமாம். பக்கத்து மாவட்டமான டெவனில் முதலில் பாலேடு, அப்புறம் ஜாம். இதற்காக இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். மேஜையில் டீ, சர்க்கரைக் கிண்ணம், உப்புக் குடுவை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்போது அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் பேத்தி ஓடி வந்தாள். "அம்மாச்சி, இங்க ஒருத்தரைக் கொன்னுட்டாங்களாம்!" தரையில் ஒரு பித்தளைத் தகடு. ஜாஸ் மெர்லின் என்பவர் இந்த இடத்தில் கொல்லப்பட்டார் என்று பொறித்திருக்கிறது. விசாரித்தால், அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. டாஃப்னி டூ மோரியே என்ற எழுத்தாளர் 1936ல் வெளியிட்ட நாவலின் பாத்திரம். நாவலின் பெயரும் இந்த விடுதியின் பெயர்தான். 1939ல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார்.

நாவல் பிறந்த கதையும் சுவையானது. 1930ல் டூ மோரியே ஒரு தோழியோடு இங்கே தங்கியிருந்தார். இருவரும் குதிரையில் மேட்டுநிலத்துக்குள் போய், மழையிலும் பனியிலும் வழி தவறிவிட்டார்கள். கடைசியில் குதிரைகளின் போக்கில் விட்டார்கள். அவையே விடுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. இன்னொரு விஷயம்: அவர் இதை எழுதிய காலத்தில் இந்த விடுதியில் மது விற்கவில்லை. மதுவிலக்குக் கொள்கையோடு நடந்த விடுதி அது. நான் உள்ளே வரப் பயந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நாவலில் விடுதிக்காரன் கடத்தல்காரன். பொய் விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதவைத்துக் கொள்ளையடிக்கும் கூட்டத்துக்குத் தலைவன். கரை ஒதுங்கிய கப்பல் சரக்கை ஊரே அள்ளியது உண்மை. ஆனால் விளக்குக் காட்டி வேண்டுமென்றே கப்பலை உடைத்தார்கள் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது கதை. கடத்தல் கதையல்ல, முழு உண்மை. விடுதியிலேயே அதற்கு ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போனோம்.

அங்கேதான் என் டீக்கோப்பை வரலாறாக மாறியது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குள் சட்டப்படி தேயிலை கொண்டுவரும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே இருந்தது. சீனாவிலிருந்து வரும் தேயிலை. போர்களுக்குப் பணம் வேண்டியிருந்ததால் அரசாங்கம் வரியை ஏற்றிக்கொண்டே போனது. 1784ல் அது சராசரியாக 119 சதவீதம். ஒரு ரூபாய்ச் சரக்குக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டீ குடிக்கும் பழக்கம் ஏழை வீடு வரைக்கும் வந்துவிட்டது. என்ன ஆகும்? கெர்ன்சி என்ற தீவு பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே இந்த வரி கிடையாது. பிராந்தி, ஜின், புகையிலை, தேயிலை எல்லாம் அங்கே மலிவு. இருட்டில் படகு போனது, வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் குடித்த டீயில் பாதிக்கு மேல் கடத்தல் தேயிலை என்று மதிப்பிடுகிறார்கள். பாதிரியாரும் குடித்தார், நீதிபதியும் குடித்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1767ல் கடத்தலைக் கண்டித்துத் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடத்தல்காரர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. 'சுதந்திர வணிகர்' என்றார்கள்.

இதை நிறுத்தியது எது? 1784ல் பிரதமர் இளைய பிட் தேயிலை வரியை 119லிருந்து 12½ சதவீதமாகக் குறைத்தார். குறைந்த வருமானத்துக்கு ஈடாக ஜன்னல் வரியை ஏற்றினார். சட்டப்படி விற்கும் தேயிலை சீக்கிரமே இரண்டு மடங்குக்கு மேல் போனது. தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. பிராந்தியும் புகையிலையும் இன்னும் பல வருஷம் ஓடின. 1822ல் கடலோரக் காவல் படை வந்தது. அதற்குப் பிறகு மற்ற வரிகளும் குறையக் குறைய அதுவும் ஓய்ந்தது.

பாஸ்டன் தேநீர் விருந்து பாடத்தை முப்பது வருஷம் நடத்தியிருக்கிறேன். 1773 டிசம்பர் 16, 342 பெட்டிகள், கடலில் கொட்டினார்கள் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். அதே தேயிலை, அதே கம்பெனி, அதே காலம். கடலுக்கு இந்தப் பக்கம் கார்ன்வாலில் நடந்தது பற்றி எனக்கு ஒரு வரி தெரியாது.

அருங்காட்சியகத்தில் பார்த்ததும், திரும்பி வந்து ரீடிங் நூலகத்தில் அகராதியோடு உட்கார்ந்து படித்ததுமாக ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. பிராந்தி வரும் சிறு பீப்பாய் ஒன்று சுமார் 18 லிட்டர் பிடிக்கும். இரண்டு பீப்பாயைக் கயிற்றால் இணைத்து, ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலுமாகத் தோளில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். கரையிலிருந்து உள்நாட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக நடை. சுமந்தவர்கள் பண்ணைக் கூலியாட்கள், சுரங்கத் தொழிலாளிகள், மீனவர்கள். ஒரு ராத்திரிக் கூலி, வயலில் பல நாள் உழைத்தால் கிடைக்கும் கூலிக்குச் சமம்.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். மகள், "என்னம்மா, கால் வலிக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நட்புகளே, இதுவரை எங்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம், கொடியக்கரை போகிற வழியில். அப்பா உப்பளத் தொழிலாளி. பாத்தியில் நின்று நின்று பாதம் வெடித்துப் புண்ணாகியிருக்கும். எழுபதுகளில் எங்கள் கரைக்கும் எதிரே யாழ்ப்பாணக் கரைக்கும் நடுவே ராத்திரித் தோணி ஓடியது ஊரறிந்த விஷயம். இங்கிருந்து புடவை, கைலி, பீடி இலை போகும். அங்கிருந்து கிராம்பு, சோப்பு, இன்னும் என்னென்னவோ வரும். தோணிக்காரர்கள் வேறு, முதலாளிகள் வேறு. காட்டுக்குள்ளிருந்து கரை வரைக்கும் சேற்றில் மூட்டை சுமக்க ஆள் வேண்டும். அப்பா சுமந்தார். ஒரு ராத்திரிக்கு உப்பளத்தில் ஒரு வாரக் கூலி.

1974ல் பிடிபட்டார். மூன்று மாதம் உள்ளே இருந்தார். முதலாளிகள் யாரும் உள்ளே போகவில்லை. யாராவது கேட்டால், "அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

பிறகு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. இரண்டு வருஷ விடுதிக் கட்டணம், புத்தகம், இரண்டு சேலை. உப்பளக் கூலியில் அது எப்படி நடந்தது என்று நான் கேட்டதில்லை. அப்பா இறந்த பிறகு அம்மாதான் சொன்னாள். வெளியே வந்தவர் இனிமேல் போகமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தாராம். எனக்காக அந்தச் சத்தியத்தை மீறினாராம். என் பட்டயச் சான்றிதழ் அந்த மூட்டைகளின் மேல் நிற்கிறது.

இதைப் படிக்கும்போது ஜெஃபனையா ஜோப் என்பவரின் கதையும் கண்ணில் பட்டது. அவரும் வாத்தியார்தான். கார்ன்வாலின் தென்கரையில் பால்பெர்ரோ என்ற மீனவ ஊரில் பள்ளிக்கூடம் வைத்தவர். ஊரில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தவர் அவர்தான். அதனால் கடத்தல்காரர்களின் கணக்கை எழுத ஆரம்பித்தார். கெர்ன்சி வியாபாரிகளுக்குக் கடிதம், பணப் பட்டுவாடா, பிடிபட்டால் வக்கீல் ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. கடைசியில் சொந்தமாக ரூபாய் நோட்டு மாதிரி பவுண்டு நோட்டே அச்சடிக்கும் அளவுக்கு வங்கியாளர் ஆனார். 1822ல் இறந்தார். 'கடத்தல்காரர்களின் வங்கியாளர்' என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் எழுதிய கடிதப் புத்தகங்கள் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

அதே ஜோப், பால்பெர்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த டிரிலானி என்ற பெரிய ஜமீன் குடும்பத்துக்கும் கணக்குப்பிள்ளையாக இருந்தார். இந்தக் குடும்பப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தோம். கடையில் கடத்தல்காரன் பொம்மை, தொப்பி, சாவிக்கொத்து எல்லாம் விற்கிறார்கள். பேத்தி ஒரு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். "அம்மாச்சி, கடத்தல்காரங்க நல்லவங்களா கெட்டவங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி புதிதல்ல. 1982ல் என் வகுப்பிலேயே கேட்கப்பட்டது.

அன்றைக்குப் பாடம் குடிமக்களின் கடமைகள். சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எங்க அப்பாவ ராத்திரி புடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவரு கெட்டவரா டீச்சர்?" வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்போது வேலைக்கு வந்து மூன்று வருஷம். என் அப்பா கதை யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் தினமும் இருந்தது. "சட்டத்தை மீறுனா கெட்டவர்தான். உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கு வரவில்லை. விசாரித்துப் போயிருக்கலாம். போகவில்லை.

பேத்தியிடம் உடனே பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டா கண்ணு" என்றேன். காரில் ஏறியதும் மாப்பிள்ளையிடம் என் முதல் கேள்வியைக் கேட்டேன். இந்த விடுதிக்கு ஏன் ஜமைக்கா என்று பெயர்? "அங்கேருந்து ரம் கடத்திட்டு வந்து பதுக்கி வச்சாங்க, அதனாலன்னு சொல்லுவாங்க அத்தை" என்றார். பலரும் நம்புவது அதைத்தான். ஆனால் விடுதிக்காரர்களே தரும் விளக்கம் வேறு. இந்தப் பகுதியில் நிலம் வைத்திருந்த டிரிலானி குடும்பத்தில் இரண்டு பேர் ஜமைக்காவின் கவர்னர்களாக இருந்தார்கள். அந்தப் பெருமைக்கு வைத்த பெயர்.

எட்வர்ட் டிரிலானி 1738 முதல் 1752 வரை கவர்னர். விடுதி கட்டும்போது பதவியில் இருந்தவர் அவர்தான். வில்லியம் டிரிலானி 1767 முதல் 1772ல் சாகும் வரை கவர்னர். அவர் பெயரில் ஜமைக்காவில் இன்றும் ஒரு மாவட்டம் இருக்கிறது. உசேன் போல்ட் பிறந்தது அந்த டிரிலானி மாவட்டத்தில்தான் என்றதும் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தத் தீவு எதற்காக இருந்தது? சர்க்கரைக்காக. 1655ல் ஸ்பெயினிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து கரும்பு வெட்டவும், ஆலையில் சாறு பிழியவும், கொப்பரையில் காய்ச்சவும் வைத்தார்கள். அவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட சொத்து. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையும் சொத்து. டீ குடிக்கும் பழக்கம் இங்கிலாந்தில் பரவியபோது அதில் போட்ட சர்க்கரை இப்படித்தான் வந்தது.

இதில் என்னை உலுக்கியது ஒன்று. இந்தச் சர்க்கரை கடத்தல் சரக்கு அல்ல. சட்டப்படி வந்தது, வரி கட்டியது, ரசீது இருந்தது. மனிதனை வாங்கி விற்றவர் ஒரு சட்டத்தையும் மீறவில்லை. அவர் கனவான். ஒரு பொட்டலம் தேயிலையைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோன கூலியாள் குற்றவாளி. டீயும் சர்க்கரையும் அன்றைக்கு ஒரே கோப்பைக்குள்தான் கரைந்தன.

சாம் ஷார்ப் என்று ஒருவர். ஜமைக்காவில் அடிமை, படிக்கத் தெரிந்தவர், பாப்டிஸ்ட் சபையில் ஊழியர். 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில், கூலி கொடுக்காவிட்டால் கரும்பு வெட்டமாட்டோம் என்று வேலைநிறுத்தம் தொடங்கச் சொன்னார். அது பெரும் கலகமாக வெடித்தது. தோட்டங்கள் எரிந்தன. நீதிமன்றம் சட்டப்படி விசாரித்து 1832 மே மாதம் அவரைத் தூக்கில் போட்டது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதே நாட்டு நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. இன்று அவர் ஜமைக்காவின் தேசிய வீரர்களில் ஒருவர்.

1834ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஜமைக்காவில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள். நஷ்டஈடாகப் பிரிட்டன் 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, 'சொத்தை' இழந்த முதலாளிகளுக்கு. விடுதலையான மனிதருக்கு ஒரு காசு இல்லை. மேலும் சில வருஷம் பழைய எஜமானிடமே தொழில் பழகுநர் என்ற பெயரில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அது 1838ல்தான் முடிந்தது. பிறகு ஆள் போதவில்லை என்று 1845 முதல் நம் நாட்டு ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள்.

அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015ல்தான் அடைந்தது. மாப்பிள்ளை இங்கே வேலைக்கு வந்தது 2011. "அப்ப நாலு வருஷம் என் வரியும் அதுல போயிருக்கா அத்தை?" என்றார். கொஞ்ச நேரம் காரில் யாரும் பேசவில்லை.

அந்த விடுதியில் பிறக்காத ஒருவனின் சாவுக்குப் பித்தளைத் தகடு இருக்கிறது. கடத்தல்காரர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பலகையில் எழுதிய பெயருக்குப் பின்னால் இருக்கும் மூன்று லட்சம் பேருக்கு, என் கண்ணில் பட்டவரை, ஒன்றும் இல்லை.

மேஜையில் மூன்றாவதாக உப்புக் குடுவை இருந்தது என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்ன்வால் மீனவர்களின் பிழைப்பு மத்தி மீனை உப்புப் போட்டுப் பதப்படுத்தி விற்பது. உப்புக்கு அங்கேயும் கடும் வரி. மீன் வணிகத்துக்குச் சலுகை இருந்தாலும் ஆயிரம் விதிமுறைகள். ஆகவே உப்பும் கடத்தல் சரக்கானது. மக்கள் வெறுத்த அந்த வரியை 1825ல் இங்கிலாந்து ஒழித்தது. ஆனால் சென்னை மாகாணத்தில் அதே ஆங்கிலேயர்கள் 1805ல் கொண்டுவந்த உப்பு ஏகபோகத்தைக் கைவிடவில்லை. தங்கள் நாட்டில் கொடுமை என்று நீக்கிய வரி, நம் நாட்டில் 1947 வரை சட்டமாகவே இருந்தது.

1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து எங்கள் ஊருக்கு வந்து உப்பு எடுத்தது உங்களுக்குத் தெரியும். வழியில் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் உத்தரவு போட்டார். சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அன்றைக்குக் கையளவு உப்பு அள்ளியது குற்றம். இன்றைக்கு அந்த இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. வருஷா வருஷம் மாலை போடுகிறோம்.

அதற்காக என் அப்பாவையும் அந்தத் தொண்டர்களையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். அவர்கள் பட்டப்பகலில், எல்லாருக்காகவும், தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சட்டத்தை மீறினார்கள். அப்பா இருட்டில், தன் வீட்டுக்காக மீறினார். அவர் சுமந்த மூட்டையில் லாபம் பார்த்தவன் நல்லவனும் அல்ல. வரி இல்லாமல் அரசாங்கம் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. அந்த வரியில்தான் எனக்கு முப்பத்தெட்டு வருஷம் சம்பளம் வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் சட்டத்தை மீறினால் கெட்டவர் என்று ஒரே வரியில் பாடம் நடத்தினேனே, அது தவறு. அந்த வரியின்படி பார்த்தால் சாம் ஷார்ப் கெட்டவர், கவர்னர் டிரிலானி நல்லவர்.

அன்றிரவு தங்கிய இடத்தில் பேத்தியைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு சொன்னேன். "நீ கேட்டதுக்கு ஒரு வார்த்தையில பதில் இல்லடா. ஒருத்தரு சட்டத்தை மீறிட்டாருன்னு சொன்னா மூணு கேள்வி கேளு. அந்தச் சட்டத்தைப் போட்டது யாரு? அதுல கஷ்டப்பட்டது யாரு? மீறினவரு யாருக்காக மீறினாரு? அப்புறமா முடிவு பண்ணு." பிறகு அவளுடைய கொள்ளுத்தாத்தா கதையைச் சொன்னேன். மகளும் முதல் தடவையாகக் கேட்டாள். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், வந்து என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். ஒன்றும் பேசவில்லை.

பேத்தி மட்டும் கேட்டாள். "கொள்ளுத்தாத்தாவுக்கு மியூசியம் இருக்கா அம்மாச்சி?"

இல்லை. அவருக்கு இந்தப் பதிவுதான்.

கடைசியாக ஒன்று. 1982ல் எட்டாம் வகுப்பில் கடைசி வரிசையில் எழுந்து நின்ற அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். அவனுக்கே இது கண்ணில் படலாம். பெயரை எழுதவில்லை, அவனுக்குத் தெரியும்.

தம்பி, அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி. உங்க டீச்சர் சொன்ன பதில் தப்பு. உங்க அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததுபோல் பேசிவிட்டேன். என் அப்பாவும் அதே மூட்டையைச் சுமந்தவர்தான். அதை அன்றைக்கே உன்னிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நீ பள்ளிக்கு வந்திருப்பாய். ஊருக்கு வந்துவிட்டேன். வீடு அதே தெருவில்தான். ஒரு நாள் வா, டீ குடிக்கலாம்.